பதினாலு மணி நேரச் சாப்பாடு

ஒரு விடுகதை போடட்டுமா தம்பி? பஸ் ஓசூர் போய்ச் சேர எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். கேளுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பதினாலு மணி நேரம் சாப்பிடும், ஆனால் எடை ஒரு கடுகளவு கூடாது. அது இருப்பது தரையில். அதற்குப் பசி வந்தால், ஆகாயத்தில் இருப்பவன் பொத்தென்று விழுவான். அது என்ன?

மலைப்பாம்பா? மலைப்பாம்பு சாப்பிட்டால் எடை கூடாதா? நன்றாகச் சொன்னீர்கள். செல்போனா? பக்கத்தில் வந்துவிட்டீர்கள். சரி, நானே சொல்லிவிடுகிறேன். பாட்டரி. என் மாப்பிள்ளை பொம்மை விமானம் விடுகிறவர். அதை ஓட்ட ஒரு ரிமோட்டுப் பெட்டி வைத்திருக்கிறார். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பாட்டரி.

விடுகதை என்னுடையது இல்லை. என் பேத்தி ஆதிரை போட்டது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு விடை தெரியவில்லை. "ஒங்களுக்குத் தெரியணும் தாத்தா, நல்லா யோசிங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். பாட்டரிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் தீயணைப்புத் துறைக்காரன்.

ஆமாம், முப்பத்தொரு வருடம். பெயர் ஆவுடையப்பன். அம்பாசமுத்திரத்துக்காரன். ஓய்வு பெற்ற பிறகு ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகள் கோமதி ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ரத்தினவேல் பல்சக்கரம் செய்கிற தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தங்கமான மனிதர். ஒரு குறையும் சொல்ல முடியாது. விமானம் விழுவதைத் தவிர.

அதைத்தான் சொல்ல வருகிறேன். முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அணைத்த தீயில் பாதிக்கு மேல் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? பிளக்கில். யாரும் வேண்டுமென்று தீ வைப்பதில்லை தம்பி. பிளக்கைப் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது நாங்கள் வாசலில் நிற்போம். அதனால் என்னிடம் ஒரே ஒரு விதி உண்டு. பிளக்கில் ஏதாவது ஓடுகிறது என்றால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் சுவிட்சை அணைக்க வேண்டும். மகள் வீட்டுக்கு வந்த முதல் நாளே கூடத்தில் நின்று இதைச் சொல்லிவிட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

இப்போது அந்தச் சார்ஜரைச் சொல்கிறேன். சுவரில் செருகுகிற கறுப்பு டப்பா. அதிலிருந்து இரண்டு வயர் வரும். ஒன்று ரிமோட்டுப் பெட்டிக்கு. "ரிமோட் இல்ல மாமா, டிரான்ஸ்மிட்டர்" என்பார் மாப்பிள்ளை. எனக்கு அது ரிமோட்தான். இன்னொரு வயர் விமானத்தின் வயிற்றில் இருக்கிற சின்னப் பாட்டரிக்கு. டப்பாவில் ஒரு சிவப்பு விளக்கு. பாட்டரி நிறைந்தாலும் சிவப்பு, நிறையாவிட்டாலும் சிவப்பு. அதைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கணக்கு வைத்துப் பதினாலு மணி நேரம் போட வேண்டுமாம்.

"எதுக்கு மாப்ள பதினாலு மணி நேரம்? என் செல்போன் ஒரு மணி நேரத்துல ஏறுது. அதைவிட இது என்ன பெரிசு?" என்று கேட்டேன்.

"வேகமா ஏத்துற சார்ஜரும் இருக்கு மாமா. ஆனா அதுல பாட்டரி சூடாகும். ஒங்களுக்குச் சூடு ஆகாதேன்னுதான் மெதுவா ஏத்துறதா பாத்து வாங்கினேன்."

பார்த்தீர்களா, எவ்வளவு மரியாதை! சனிக்கிழமை சாயங்காலம் போட்டு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எடுப்பதாகத்தான் முதலில் இருந்தார். வீடு தூங்கும்போது பிளக்கும் தூங்க வேண்டும் என்று சொன்னேன். சரி மாமா என்று உடனே நேரத்தை மாற்றிக்கொண்டார். சனிக்கிழமை அவருக்கு ஓவர்டைம். காலை ஆறு மணிக்குச் சார்ஜரைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார். ராத்திரி எட்டு மணிக்கு வந்து எடுப்பார். ஆறிலிருந்து எட்டு, கச்சிதமாகப் பதினாலு மணி. பெட்டியின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, போட்ட நேரம், எடுத்த நேரம், தேதி எல்லாம் எழுதுவார். தொழிற்சாலைப் புத்தி.

கோமதி எட்டரைக்குக் கிளம்புவாள். ஆதிரைக்குச் சனிக்கிழமையும் பள்ளி உண்டு. அதன் பிறகு ஓட்டப் பயிற்சி. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவோடு வருவாள். ஆக, எட்டரையிலிருந்து ஆறு வரை வீட்டில் நான் மட்டும்.

நான் என்ன செய்வேன்? பேப்பர் படிக்கிற ஒரு மணி நேரம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். விதி விதிதான். அப்புறம் குளிக்க வேண்டாமா? கோயிலுக்குப் போக வேண்டாமா? மத்தியானம் கொஞ்சம் படுக்க வேண்டாமா? ஆள் இல்லையென்றால் சுவிட்ச் அணைய வேண்டும். அணைத்துவிடுவேன். ஐந்தே முக்கால் மணிக்கு, கோமதி வருவதற்கு முன்னால், மறுபடி போட்டுவிடுவேன்.

ஏன் மறுபடி போட வேண்டும் என்கிறீர்களா? அதுதான் குடும்பம் தம்பி. விளக்கு எரியாமல் இருந்தால் மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், ஆனால் முகம் சுருங்கும். எதற்கு? அவருக்குச் சிவப்பு விளக்கு, எனக்கு நிம்மதி. அணைப்பதற்கு முன்னால் பாட்டரியைத் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடாக இருக்கும். வயிறு நிறைந்த குழந்தை மாதிரி. எல்லாம் சேர்த்து ஐந்தாறு மணி நேரமாவது ஏறியிருக்கும். போதாதா? பதினாலு என்பதெல்லாம் கம்பெனிக்காரன் பயந்துபோய் எழுதுவது.

மாப்பிள்ளை எட்டு மணிக்கு வந்து பெட்டியைப் போட்டுப் பார்ப்பார். அதில் சார்ஜ் அளவைக் காட்டுகிற ஒரு முள் உண்டு. பச்சைக் கோட்டைத் தாண்டி நிற்கும். "நிறைஞ்சிருச்சு மாமா" என்பார். நானும் "நிறையாம என்ன" என்பேன்.

விமானம் விடுகிற இடம் ஊருக்கு வெளியே ஒரு வறண்ட ஏரி. மாசியிலிருந்து ஆனி வரைக்கும்தான். அப்புறம் காற்று, மழை, தண்ணீர் வந்துவிடும். இருபது பேர் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்கள். டேனியல் என்று ஒருவர் செயலாளர். விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார். ஏரிக்குள்ளேயே ஆடு மேய்க்கிற ஒரு அம்மாவும் உண்டு. அந்த அம்மா சங்கத்தில் இல்லை, ஆனால் கருத்துச் சொல்வதில் முதல் ஆள்.

பங்குனியில் முதல் தடவை விழுந்தது. முதல் ரவுண்டு ராஜா மாதிரி பறந்தது. இரண்டாவது ரவுண்டும் பறந்தது. மூன்றாவது ரவுண்டில் மாப்பிள்ளை குச்சியை இந்தப் பக்கம் தள்ளுகிறார், விமானம் அந்தப் பக்கம் போகிறது. "சொல்பேச்சு கேக்கல மாமா! திரும்ப மாட்டேங்குது!" என்று கத்துகிறார். நேராகப் போய் ஒரு கருவேல மரத்தில் சொருகிக்கொண்டது.

ஆட்டுக்கார அம்மா மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. "மாமரத்துல மாங்கா காய்க்கும். எங்க கருவேல மரத்துல ஏரோப்ளேன் காய்ச்சிருக்கே! இது எந்த ஊரு ரகம் சாமி?"

மாப்பிள்ளை செல்போன் கோபுரத்தின் மேல் சந்தேகப்பட்டார். ஏரிக்கரையில் புதிதாக ஒன்று நட்டிருக்கிறார்கள். அதன் அலை குறுக்கே வந்திருக்கும் என்றார். இருக்கலாம் என்றேன்.

சித்திரையில் இரண்டாவது தடவை. இதுவும் மூன்றாவது ரவுண்டுதான். இந்தத் தடவை ஆட்டு மந்தைக்கு நாலு அடி தள்ளி விழுந்தது. இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். ஆடுகள் ஓடி ஏறாத கரையெல்லாம் ஏறின. டேனியல் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"ரத்தினவேல், சங்கத்து விதி தெரியும்ல? கைய மீறி மூணு தடவை விழுந்தா அந்தக் குடும்பத்துக்கே இந்த சீசன் கிடையாது. நீங்க விட்டாலும் சரி, ஒங்க பொண்ணு விட்டாலும் சரி. ரெண்டு ஆச்சு."

ஆதிரை அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் சொந்தமாக ஒரு விமானம் செய்துகொண்டிருந்தாள் தம்பி. தெர்மோகோலை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மஞ்சள் காகிதம் ஒட்டி, நாலு மாத வேலை. சக்கரத்துக்குப் பழைய சட்டையின் பொத்தானை வைத்துப் பார்த்தாள். சரிவரவில்லை, வேறு தேடி எடுத்தாள். ஆனி மாதக் கடைசி ஞாயிறு சங்கத்து ஆண்டு விழா. அன்றைக்குச் சிறுவர்கள் தனியாக விடலாம், அப்பா பக்கத்தில் நிற்கலாம், கை வைக்கக் கூடாது. மேலே ஏற்றி, நாலு ரவுண்டு சுற்றி, வெள்ளைக் கோட்டுக்குள் இறக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த மஞ்சள் விமானம். ஓட்டப்போவது அப்பாவின் அதே ரிமோட்டுப் பெட்டியால்தான். அது விழுந்தால் நாலு மாத வேலையும் போச்சு, மைதானமும் போச்சு.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து பாட்டரியைப் பிரித்தார். பென்சில் பாட்டரி அளவில் எட்டு, பச்சைத் தாளில் சுற்றி ஒட்டியிருக்கும். "செத்துப்போன பாட்டரி மாமா, சார்ஜ் நிக்கல" என்று புதிது வரவழைத்தார். ஒரு சனிக்கிழமை அதைப் போட்டு, ஞாயிறு வீட்டுக் கூடத்திலேயே வைத்துச் சோதித்தார். ஒரு மணி நேரத்துக்குள் முள் சரிந்துவிட்டது. "அப்ப சார்ஜர்தான் மாமா" என்று புதுச் சார்ஜர் வாங்கினார். அடுத்த சனி, அடுத்த ஞாயிறு. மறுபடியும் முள் சரிகிறது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டேப்பில் எழுதியதைப் படிக்கிறார். "ஆறுக்குப் போட்டேன், எட்டுக்கு எடுத்தேன். ஆறுக்குப் போட்டேன், எட்டுக்கு எடுத்தேன். எங்க தப்பு?"

எனக்கே பாவமாக இருந்தது. இந்தக் காலத்தில் எந்தச் சாமானும் சரியில்லை என்று ஆறுதல் சொன்னேன்.

இதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை ஆதிரைக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. கூடத்தில் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் ஒன்பதரைக்கு எழுந்து சுவிட்சை அணைத்தேன்.

"தாத்தா, எதுக்கு ஆஃப் பண்றீங்க?"

"நான் குளிக்கப் போறேன்மா. ஆள் இல்லாம ஓடக் கூடாதுல்ல."

"நான் இருக்கேனே."

"நீ நோயாளி. நோயாளி கணக்குல சேராது."

"எப்ப திரும்பப் போடுவீங்க?"

"அஞ்சே முக்காலுக்கு."

"எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தானா?"

"எல்லாச் சனிக்கிழமையும்தான். அப்பாட்ட சொல்லிறாத என்ன? மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும்."

சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சரி தாத்தா, சொல்லலை என்றாள். அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானம்தான் அந்த விடுகதையைப் போட்டாள். காய்ச்சல் கண்ட பிள்ளை ஏதோ உளறுகிறது என்று நினைத்தேன்.

காவேரிப்பட்டணம் தாண்டிவிட்டோமா? பரவாயில்லை, முடியப் போகிறது.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் மாப்பிள்ளை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இந்த வருஷம் வேண்டாம்மா. தப்பு எங்கன்னு அப்பாவுக்கே தெரியல. ஒன் ஏரோப்ளேன் ஒடைஞ்சா என்னால தாங்க முடியாது. அடுத்த வருஷம் விடலாம்."

"அப்பா, இந்தத் தடவை விழாது."

"எப்படிச் சொல்ற?"

என்னைப் பார்த்தாள். ஆதரவாக நாலு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நானும் சொன்னேன். "பட்டம் விடேன்மா. அதுல பாட்டரியே கிடையாது. பத்திரம்."

அவள் அப்பா பக்கமே திரும்பினாள். "ஒரே ஒரு தடவை மட்டும்பா" என்றாள். மாப்பிள்ளைக்கு மகள் கேட்டு இல்லை என்று சொல்லத் தெரியாது.

விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேள்வி மேல் கேள்வி. தீயணைப்பு வேலையில் ஆசை வந்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம்.

"தாத்தா, பிளக் பக்கத்துல ஆள் இருந்தா அணைக்க மாட்டீங்கள்ல?"

"அணைக்க மாட்டேன்."

"சின்னப் பிள்ளை இருந்தாலும்?"

"காய்ச்சல் இல்லாத பிள்ளைன்னா சரி. கண்ணு முழிச்சிருக்கணும். பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கணும்."

"அந்த ஆள் பாத்ரூம் போனா?"

"பத்து நிமிஷம் நான் உக்காருவேன். காவல் மாத்துறதுன்னு சொல்வோம்."

"சத்தியமா?"

"என் சர்வீஸ் மேல சத்தியம்."

எழுந்து போய் மணல் எங்கே கிடைக்கும் என்று அம்மாவிடம் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விழா. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். ஆட்டுக்கார அம்மா மந்தையைக் கரை மேல் ஏற்றிவிட்டு, "மஞ்சள் கலரா? எங்க விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்" என்றது. டேனியல் விசிலை வாயிலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளை மகள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது ரவுண்டு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. தீயையே பார்த்தவன்.

விமானம் திரும்பச் சொன்ன இடத்தில் திரும்பியது. நாலு ரவுண்டு. வெள்ளைக் கோட்டுக்குள் இறங்கி, இரண்டு தடவை துள்ளி, நின்றது. டேனியல் விசிலை எடுத்துவிட்டுக் கை தட்டினார். அதோடு விடவில்லை. அன்று முழுவதும் அப்பாவும் மகளும் மாற்றி மாற்றி அதையே விட்டார்கள். ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கியது. முள் பச்சையை விட்டு அசையவில்லை.

"பாத்தீங்களா மாமா, புதுச் சார்ஜர் இப்பத்தான் செட்டாகியிருக்கு" என்றார் மாப்பிள்ளை. செட்டாக வேண்டும்தானே. எந்த இயந்திரத்துக்கும் இரண்டு மூன்று வாரம் பழக்கம் வேண்டும். நான் காலையில் இறக்கைக்கு விபூதி பூசியதும் ஒரு காரணம். அதை நான் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு இன்னும் புரியவில்லை தம்பி. விழாவுக்கு முதல் நாள், அந்தச் சனிக்கிழமை, பள்ளியில் மைசூர் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு மாதம் முன்னாலேயே பெயர் கொடுத்திருந்தாள். ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. கோமதி விடிவதற்குள் எழுந்து புளியோதரை கிளறி டப்பாவில் கட்டினாள். மாப்பிள்ளை வழக்கம்போல ஆறு மணிக்குச் சார்ஜரைப் போட்டுவிட்டு, மகள் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பிப் போனார். ஆறரைக்குப் பள்ளிப் பேருந்து தெருமுனையில் வந்து நின்றது. உள்ளே எல்லாப் பிள்ளைகளும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

அவள் வாசலுக்குப் போய், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். பிளக் பக்கத்தில் பாயை விரித்தாள். மணல் வாளியை இழுத்து வைத்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.